நியூகாசிலில் இருந்து வொலங்காங் வரை: நைட்ஸ் பெண்கள் அணியின் பின்னால் ஒரு வாரம்

வியாழன், சிட்னி சென்ட்ரல்

ஆஸ்திரேலியாவில் பெண்கள் ரக்பி லீக்கைப் புரிந்துகொள்ள ஒரே ஒரு ரயில் பாதை போதும். வடக்கு முனையில் நியூகாசில், நடுவே சிட்னி, தெற்கே வொலங்காங். மூன்று ஊரையும் மின்சார ரயில் இணைக்கிறது, மூன்றிலும் பெண்களுக்கான தேசிய ரக்பி லீக் தொடரான என்.ஆர்.எல்.டபிள்யூ. ஆட்டங்கள் நடக்கின்றன. இரு முனைகளும் நிலக்கரியிலும் எஃகிலும் வளர்ந்த ஊர்கள். நியூகாசிலில் 1915இல் தொடங்கிய உருக்காலை 1999இல் மூடப்பட்டது. வொலங்காங் பக்கத்துப் போர்ட் கெம்ப்ளா ஆலை இன்னும் ஓடுகிறது. தொழிலாளர் குடியிருப்புகளில் வேர்விட்ட ஆட்டம் ரக்பி லீக். இந்தப் பாதையில் போனால் அதற்கு விளக்கமே வேண்டாம்.

இலங்கையில் இருந்து வாசிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கண்டியிலும் கொழும்பிலும் பார்த்துப் பழகியது ரக்பி யூனியன். இது வேறு. இங்கே பக்கத்துக்கு 13 பேர். பிடிபட்ட பிறகு பந்துக்காகக் குவியலில் சண்டை கிடையாது. பந்து வைத்திருக்கும் அணிக்கு ஆறு டேக்கிள் (பந்தோடு ஓடுபவரை எதிரணி பிடித்து நிறுத்துவது). ஆறாவதில் பிடிபட்டால் பந்து எதிரணிக்கு. அதனால் ஐந்து டேக்கிள் ஓடிவிட்டுப் பெரும்பாலும் உதைத்துவிடுவார்கள். எதிரணிக் கோல்கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைக்கும் டிரைக்கு 4, அதன் பிறகு கம்பங்களுக்கு நடுவே உதைக்கும் கன்வர்ஷனுக்கு 2, பெனால்டி கோலுக்கு 2. பெண்கள் ஆட்டம் 35 நிமிடப் பாதிகள் இரண்டு, மொத்தம் 70 நிமிடம்.

சென்ட்ரலில் இருந்து நியூகாசில் இன்டர்சேஞ்ச் ஏறத்தாழ 160 கிலோமீட்டர். இரண்டரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஓபல் என்ற பயண அட்டை இல்லாவிட்டாலும் வங்கி அட்டையைத் தட்டியே ஏறலாம். இறங்கும்போது தட்ட மறந்தால் அந்தப் பாதையின் அதிகபட்சக் கட்டணம் பிடித்துவிடும். வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் ஒருநாள் உச்சவரம்பு மற்ற நாட்களைவிடக் குறைவு என்பதால் நீண்ட பயணத்தை அந்த நாட்களுக்குத் தள்ளிவைப்பது நல்லது. ஆனால் தண்டவாளப் பராமரிப்பும் வார இறுதியில்தான் வரும். அன்றைக்குப் பாதி வழியில் இறக்கிப் பேருந்தில் ஏற்றுவார்கள், ஒரு மணி நேரம் கூடுதலாகப் போகும். ஆட்டம் சனிக்கிழமை என்றால் வியாழனே கிளம்பிவிடுவது இதனால்தான்.

ஹாக்ஸ்பரி ஆற்றுப் பாலம் வரும்போது கைப்பேசியை வைத்துவிட்டு வெளியே பாருங்கள். இப்போதுள்ள பாலம் 1946இல் வந்தது. அதன் அருகே, 1889இல் கட்டிய பழைய பாலத்தின் கல்தூண்கள் மட்டும் தண்ணீருக்குள் வரிசையாக நிற்கின்றன.

நியூகாசிலின் அணியான நைட்ஸின் மைதானத்துக்கு நியூகாசில் இன்டர்சேஞ்ச் வரை போகத் தேவையில்லை. இரண்டு நிறுத்தம் முன்னால், பிராட்மெடோவில் இறங்குங்கள். அங்கிருந்து மெக்டொனால்ட் ஜோன்ஸ் ஸ்டேடியம் நடை தூரம்தான். தங்குவதற்கு ஹாமில்டன் வசதி: பியூமான்ட் தெரு முழுக்கச் சாப்பாட்டுக் கடைகள், ரயில் நிலையமும் அங்கேயே.

வெள்ளி, நியூகாசில்

என்.ஆர்.எல்.டபிள்யூ. 2018இல் நான்கே அணிகளோடு தொடங்கியது: பிரிஸ்பேன் பிராங்கோஸ், சிட்னி ரூஸ்டர்ஸ், செயின்ட் ஜார்ஜ் இல்லவாரா டிராகன்ஸ், நியூசிலாந்து வாரியர்ஸ். முதல் மூன்று கோப்பையும் பிராங்கோஸுக்கே. நைட்ஸ் பெண்கள் அணி வந்தது 2021 சீசனில். பெருந்தொற்றால் தள்ளிப்போய் அந்த சீசன் 2022 தொடக்கத்தில்தான் நடந்தது. நைட்ஸ் ஆடிய ஐந்து ஆட்டத்திலும் தோல்வி. அதே ஆண்டு அக்டோபர் 2ஆம் தேதி, அடுத்த சீசனின் இறுதி ஆட்டத்தில், பாரமட்டா ஈல்ஸை 32–12 என்று வென்று கோப்பையை எடுத்தார்கள். 2023 இறுதியில் கோல்ட் கோஸ்ட் டைட்டன்ஸை 24–18.

ஆறேழு மாதத்தில் ஓர் அணி கடைசியில் இருந்து முதலிடத்துக்கு எப்படி வந்தது? புதிய பயிற்சியாளர் ரான் கிரிஃபித்ஸ் என்பது ஒரு பதில். பிராங்கோஸில் இருந்து, கடைசிக் காவலாகப் பின்னால் நிற்கும் ஃபுல்பேக் தமிக்கா அப்டனும் முன்வரிசை மில்லி பாயிலும் வந்தது இன்னொன்று. 7ஆம் எண்ணில், ஆட்டத்தை நடத்தும் ஹாஃப்பேக் இடத்தில், 17 வயது ஜெஸ்ஸி சவுத்வெல். இரண்டு இறுதி ஆட்டத்திலும் சிறந்த ஆட்டக்காரருக்கான கேரின் மர்ஃபி பதக்கம் அப்டனுக்கே போனது. பெயர் பெற்றவர்களை வாங்கிப் போட்டதால் வந்த வெற்றி என்று சுலபமாகச் சொல்லிவிடலாம். அந்த ஆட்டங்களை மறுபடி போட்டுப் பார்த்தால், முன்வரிசை டேக்கிளில் இருந்து எழுந்த வேகம்தான் முதலில் கண்ணில் படும். அது நாளைய பதிவுக்கு.

காசு விஷயம் இன்றே. ரக்பி லீக் பிறந்ததே கூலிப் பிரச்சினையில். இங்கிலாந்தின் வடக்கே 1895இல், ஆட்டத்துக்குப் போனதால் இழந்த கூலியை ஈடுகட்ட வேண்டும் என்று கேட்ட கிளப்புகள் தனியே பிரிந்தன. சிட்னியில் 1908இல் முதல் போட்டித் தொடர் நடந்தபோது நியூகாசிலில் இருந்தும் ஓர் அணி ஆடியது. அதே கேள்வி பெண்களுக்குத் தீர நூறு ஆண்டுக்கும் மேல் பிடித்தது: 2023இல்தான் அவர்களுக்கு முதல் ஐந்தாண்டுக் கூட்டு ஒப்பந்தம். குறைந்தபட்ச ஆண்டுச் சம்பளம் 2023இல் 30,000 ஆஸ்திரேலிய டாலர். 2027இல் 50,600 ஆகும். தனியார் மருத்துவக் காப்பீடும் மகப்பேறுக் கால விதிகளும் அதில் வந்தன. சிட்னியிலோ நியூகாசிலிலோ வீட்டு வாடகை தெரிந்தவர்களுக்கு இந்தத் தொகை எவ்வளவு தூரம் போகும் என்றும் தெரியும். பலருக்கு இன்னொரு வேலை உண்டு. 2025 முதல் 12 அணி, 11 சுற்று, அதன் பிறகு ஆறு அணிகளின் நாக்அவுட் கட்டம். ஜூலையில் தொடங்கி அக்டோபர் முதல் வாரத்தில் முடிந்துவிடும். வருடத்தின் மற்ற மாதங்களில் உடம்பை அந்த நிலையிலேயே வைத்திருக்கும் பொறுப்பு பெரும்பாலும் ஆட்டக்காரர் தலையில்.

ஆட்டத்துக்கு முந்தைய நாள் நடப்பதைக் 'கேப்டன்ஸ் ரன்' என்பார்கள். அரை மணி, நாற்பது நிமிடம். மோதல் கிடையாது. கிக் அடிப்பவர் இரண்டு பக்க ஓரக்கோட்டில் இருந்தும் கன்வர்ஷன் அடித்துப் பார்ப்பார். 9ஆம் எண் ஹூக்கர் தரையில் இருந்து பந்தை இடப்பக்கமும் வலப்பக்கமும் எறிந்து பழகுவார். வேலை இவ்வளவுதான். இந்த நேரத்தில் வேகமாக ஓடிப் பார்க்க ஆசைப்பட்டுத் தொடைப் பின்தசையைப் பிடித்துக்கொண்டு உட்காருபவர்கள் எல்லா அணியிலும் உண்டு.

சனி, மெக்டொனால்ட் ஜோன்ஸ் ஸ்டேடியம்

பல நாட்களில் பெண்கள் ஆட்டம் முதலில், ஆண்கள் ஆட்டம் பின்னால். ஒரே சீட்டில் இரண்டும் பார்க்கலாம். கூட்டம் ஆண்கள் ஆட்டத்துக்குத்தான் திரளும் என்பதால் முதல் ஆட்டத்துக்கு வருபவருக்கு வண்டி நிறுத்தமும் வரிசையும் சுலபம். மேற்கு ஸ்டாண்டில் உட்காருங்கள். குளிர்காலச் சூரியன் பிற்பகலில் தாழ்ந்து வரும்; கிழக்கில் உட்கார்ந்தால் இரண்டாம் பாதி முழுக்கக் கையை நெற்றியில் வைத்துக்கொண்டே பார்க்க வேண்டும். ஆகஸ்ட் தொடக்கத்தில் ஐந்தேகாலுக்கெல்லாம் சூரியன் மறையும். அதன் பிறகு ஒரு கம்பளி போதாது.

கீழ் வரிசையைவிட நடு வரிசை நல்லது. பந்து எங்கே என்று பார்ப்பதற்கு எந்த இடமும் போதும். பந்துக்குப் பின்னால் வரிசை எப்படி அமைகிறது என்று பார்க்கக் கொஞ்சம் உயரம் வேண்டும்.

உடைமாற்றும் அறையில் இரண்டு மணி நேரம் முன்பே வேலை தொடங்கிவிடும். அதில் பாதி நேரம் டேப் ஒட்டுவது. ஒரு கணுக்காலுக்குச் செய்யும் விதம் இது. 38 மில்லிமீட்டர் அகல விறைப்பு டேப். ஒரு காலுக்கு 3 மீட்டர் அளவில் செலவாகும். தோல் சுத்தமாக, ஈரமில்லாமல் இருக்க வேண்டும். பாதம் கீழ்க்காலுக்குச் செங்குத்தாக, 90 பாகையில். கணு எலும்புக்கு நான்கு விரல் மேலே இரண்டு சுற்று நங்கூரப் பட்டை. பிறகு உள்பக்கத்தில் இருந்து கிளம்பிக் குதிகாலுக்கு அடியில் போய் வெளிப்பக்கம் ஏறும் பட்டைகள் மூன்று, ஒன்றின் மேல் ஒன்று பாதி ஏறியபடி. இழுப்பு வெளிப்பக்கம் மேல் நோக்கி இருக்க வேண்டும், ஏனென்றால் கணுக்கால் பிசகுவது பெரும்பாலும் பாதம் உள்நோக்கி மடிந்துதான். அதன் மேல் 6 என்ற எண்ணின் வடிவில் ஒரு சுற்று, குதிகாலைப் பூட்டும் பட்டை இரு பக்கமும், கடைசியில் நங்கூரத்தை மூடும் சுற்று.

கெடுவது எங்கே? காலையில் கிரீம் தடவிக்கொண்டு வந்தால் பத்தே நிமிடத்தில் டேப் வழுக்கும். பாதத்தைத் தொங்கவிட்டபடி ஒட்டினால் அழகாகத் தெரியும், பிடிப்பு இருக்காது. சுருக்கம் ஒன்று விழுந்தாலும் அந்த இடத்தில் கொப்புளம். மேல் நங்கூரத்தைத் தசை தளர்ந்திருக்கும்போது இறுக்கிவிட்டால், ஓடும்போது கெண்டைக்கால் புடைத்து விரல்கள் மரத்துப்போகும். எல்லாம் சரியாகச் செய்தாலும் அரை மணி ஓட்டத்தில் விறைப்பு தளரத்தான் செய்யும். பழைய காயம் உள்ளவர்களுக்கு இடைவேளையில் மறுபடி ஒட்டுவது அதற்காக.

இனி ஆட்டம். ஸ்கோர் எல்லாச் செயலியிலும் கிடைக்கும், அதை இங்கே எழுதப்போவதில்லை. நீங்கள் கைப்பேசியில் ஸ்டாப்வாட்சைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரே ஒரு விஷயத்தைப் பாருங்கள்: பிளே-த-பால்.

டேக்கிள் முடிந்ததும் நடுவர் 'ஹெல்ட்' என்பார். பிடித்தவர்கள் விட்டு விலக வேண்டும். பிடிபட்டவர் எழுந்து, எதிர் கோல்கோட்டைப் பார்த்து நின்று, பந்தைத் தரையில் வைத்து, காலால் பின்னுக்கு உருட்டுவார். பின்னால் நிற்கும் டம்மி ஹாஃப் எடுப்பார், பெரும்பாலும் 9ஆம் எண். எதிரணியில் இரண்டு பேர் வரை நேர் எதிரே மார்க்கராக நிற்கலாம். மற்ற எல்லோரும் 10 மீட்டர் பின்வாங்கியாக வேண்டும். நடுவர் குரலுக்கு வாட்சைத் தொடங்கி, கால் பந்தில் படும்போது நிறுத்துங்கள். 3 விநாடிக்குள் வந்தால் வேகம். 4ஐத் தாண்டினால் எதிரணி வரிசை கட்டி முடித்து மூச்சும் வாங்கிவிட்டது என்று பொருள்.

இந்த ஒரு விநாடி பெண்கள் ஆட்டத்தில் ஆண்கள் ஆட்டத்தைவிடப் பெரியது என்பது எங்கள் கணக்கு. காரணம் கிக். பெண்கள் ஆட்டத்தில் நீண்ட கிக்கின் தூரம் பொதுவாகக் குறைவு. ஐந்து டேக்கிளில் 20 மீட்டர்தான் நகர்ந்தோம் என்றால் ஆண்கள் அணி ஓங்கி ஓர் உதை விட்டுத் தப்பித்துக்கொள்ளும். இங்கே அந்த வசதி குறைவு. மீட்டர்களை ஓடித்தான் சம்பாதிக்க வேண்டும், ஓட்டத்துக்கு இடம் கிடைப்பது எதிரணி வரிசை பின்வாங்கி முடிப்பதற்குள் பந்தை உருட்டினால் மட்டுமே.

இன்று முதல் பாதியில் நைட்ஸ் எடுத்த ஒரு செட்டை, அதாவது ஆறு டேக்கிள் கொண்ட ஒரு வாய்ப்பைப் பார்ப்போம். தங்கள் 20 மீட்டர் கோட்டருகே தொடக்கம். முதல் ஓட்டம் 10ஆம் எண் பிராப், அதாவது முன்வரிசை ஆட்டக்காரர். மோதுவதற்கு முன் தோளை லேசாகத் திருப்பி, வயிறு தரையில் படும்படி விழுந்தார். முழங்கையும் முழங்காலும் உடம்புக்கு அடியில். எழ 2.9 விநாடி. இரண்டாவது ஓட்டத்தில் 8ஆம் எண்ணை மூன்று பேர் பிடித்தார்கள், கபடியில் பாடி வருபவரைச் சங்கிலி போட்டு மடக்குவது போல. மல்லாக்கத் தள்ளிவிட்டார்கள். மல்லாந்தவர் புரண்டு எழ வேண்டும்; 4.4 விநாடி. அடுத்த ஓட்டம் 6 மீட்டருக்கு மேல் போகவில்லை, எதிரணி வரிசை முழுதாக முன்னேறி வந்து மோதியது. நான்காவதில் 11ஆம் எண் பிடிபட்டதும் மார்க்கரில் ஒருவர் இன்னும் தரையில், மற்றவர் பக்கவாட்டில் நிற்கிறார். இதைத்தான் 9ஆம் எண் தேடிக்கொண்டிருந்தார். பந்தை எறியவில்லை, எடுத்துக்கொண்டு மார்க்கர் இல்லாத பக்கமே பாய்ந்தார். 15 மீட்டர். கூட்டம் கைதட்டியது அவருக்கு. தட்ட வேண்டியது கீழே விழுந்த விதத்துக்காக 11ஆம் எண்ணுக்கும்.

பிடிக்கும் அணியின் கலை இதற்கு நேர் எதிர். முதல் ஆள் இடுப்பு அல்லது தொடையில், இரண்டாவது ஆள் பந்தை அணைத்தபடி மார்பில், மூன்றாவது ஆள் இருந்தால் கால்களைச் சேர்த்துக் கட்டுவார். விலகும்போது கீழே இருப்பவர் முதலில், மேலே இருப்பவர் கடைசியில். இந்த வரிசை மாறினால் ஒருவர் கால் இன்னொருவருக்கு அடியில் மாட்டும். பிறகு 10 மீட்டர் பின்வாங்க நேரம் இருக்காது. வேண்டுமென்றே தாமதித்தால் நடுவர் 'சிக்ஸ் அகெய்ன்' காட்டுவார்: ஆட்டம் நிற்காமல் டேக்கிள் எண்ணிக்கை மறுபடி முதலில் இருந்து. 2020இல் வந்த இந்த விதிக்குப் பிறகு, நடுவே மூச்சு வாங்கக் கிடைத்த இடைவெளிகள் குறைந்தன. பெனால்டி கொடுத்து ஓய்வெடுக்கும் பழைய தந்திரம் இப்போது பெரிதாகப் பலிப்பதில்லை.

எழுபது நிமிடம் முழுக்க அளந்து எழுத வேண்டாம். பாதிக்கு மூன்று செட் போதும், ஆனால் இரண்டாம் பாதியின் கடைசிப் பதினைந்து நிமிடத்தில் கட்டாயம் ஒன்று. முன்வரிசை களைத்தபின் 3 விநாடி 4 ஆவதும், 4 ஆகாமல் தடுக்க மாற்று ஆட்டக்காரர்களை எப்போது இறக்குகிறார்கள் என்பதும் அங்கேதான் தெரியும்.

ஞாயிறு, மெரிவெதர்

ஆட்டத்துக்கு மறுநாள் நியூகாசிலில் கடலுக்குப் போகாத ஆட்டக்காரர் குறைவு. மெரிவெதர் கடல்நீர்க் குளம் 1935இல் திறந்தது. அனுமதி இலவசம். அலை தாண்டி உள்ளே கொட்டும்போது ஓரத்தில் நிற்காதீர்கள், பாசி வழுக்கும்.

கடல்நீரில் நிற்பதும் ஐஸ் தொட்டியில் உட்காருவதும் ஒன்றல்ல. ஐஸ் தொட்டிக்கு 10 முதல் 15 பாகை, 10 நிமிடம் அளவு. இங்கே குளிர்காலத்திலும் கடல் அவ்வளவு குளிராது. நடந்தால் மூட்டில் எடை விழாது என்பதுதான் இதன் பயன்: இடுப்பளவு நீரில் கால் மணி நடை, கொஞ்சம் கால் வீச்சு. நீர் இழப்பைக் கணக்கிட ஆட்டத்துக்கு முன்னும் பின்னும் எடை பார்ப்பார்கள். குறைந்த ஒவ்வொரு கிலோவுக்கும் ஒன்றரை லிட்டர், சில மணி நேரத்துக்குள், உப்பு சேர்ந்த உணவோடு. வெறும் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தால் பாதி வெளியேறிவிடும். புரதம் ஒரு வேளைக்கு 20–30 கிராம். ஆட்டம் முடிந்து பசியில்லை என்று தள்ளிப்போடுபவர்களுக்கு மறுநாள் படி இறங்குவதே பாடு.

தலையில் அடி என்ற சந்தேகம் வந்தால் ஆட்டக்காரர் 15 நிமிடம் வெளியே. சீசனுக்கு முன்னால் எடுத்த அடிப்படைச் சோதனையோடு நினைவாற்றல், சமநிலை எல்லாம் ஒப்பிடுவார்கள். மயங்கியது, தள்ளாடியது போன்ற தெளிவான அறிகுறி இருந்தால் சோதனைக்கே இடமில்லை, அன்று அவர் ஆட்டம் முடிந்தது. 2023இல் வந்த விதிப்படி மூளை அதிர்ச்சி உறுதியானால் 11 நாள் ஓய்வு, மருத்துவ நிபுணரின் விலக்கு அரிது. சனிக்குச் சனி ஆடும் அட்டவணையில் இதன் பொருள் எளிது: அடுத்த ஆட்டம் இல்லை. 11 சுற்றே உள்ள சீசனில் அது பெரிய இழப்பு. அதனாலேயே அறிகுறியை மறைக்கும் ஆசையும் வரும். மைதான ஓரத்தில் காணொளி பார்க்கும் மருத்துவர் வேண்டியிருப்பது அதற்காகத்தான்.

முழங்கால் இன்னொரு கவலை. ஏ.சி.எல். தசைநார் கிழிவது பெண்களிடம் ஆண்களைவிடக் கூடுதலாக நடக்கிறது, அதுவும் பெரும்பாலும் யாரும் மோதாத கணத்தில்: வேகத்தைக் குறைத்துத் திசை திரும்பும்போது, குதித்து ஒற்றைக் காலில் இறங்கும்போது முழங்கால் உள்பக்கம் சரிவது. வார்ம்-அப்பில் ஒற்றைக் கால் இறக்கம், திடீர் நிறுத்தம், தொடைப் பின்தசைக்கு நார்டிக் பயிற்சி எல்லாம் இருப்பது இதைத் தடுக்க. கிழிந்தால் அறுவைக்குப் பிறகு ஒன்பது மாதத்துக்குக் குறையாமல் வெளியே. ஒரு சீசன் முழுதும் போய்விடும்.

திங்கள், பாரமட்டா

தெற்கே போகும் வழியில் ஸ்ட்ராத்ஃபீல்டில் மாறினால் பாரமட்டா. சிட்னித் தமிழர்கள் நெருங்கி வாழும் மேற்குப் பகுதி இது. மேஸ் ஹில் முருகன் கோயிலும் பெண்டில் ஹில் கடைகளும் பக்கம். ஈல்ஸ் அணியின் காம்பேங்க் ஸ்டேடியம் நிலையத்தில் இருந்து நடை தூரம். நடக்க முடியாவிட்டால் 2024 டிசம்பரில் வந்த டிராமில் பிரின்ஸ் ஆல்ஃபிரட் ஸ்கொயரில் இறங்கலாம். 2019இல் திறந்த, 30,000 பேர் அமரும் அரங்கு; இருக்கைகள் செங்குத்தாக அடுக்கியவை. பிளே-த-பாலைப் பார்க்க இந்தப் பாதையில் இதைவிட நல்ல அரங்கு கிடையாது. இன்று ஆட்டமில்லை. கோயில், பிரசாதம், ரயில்.

வெள்ளி, வொலங்காங்

நியூகாசிலில் இருந்து இங்கே சாலை வழி ஏறத்தாழ 240 கிலோமீட்டர், பேருந்தில் மூன்று மணி நேரம், சிட்னி நெரிசலில் மாட்டினால் நான்கு. அத்தனை நேரம் உட்கார்ந்தால் இடுப்பு மடிப்புத் தசை சுருங்கி, மறுநாள் முதல் பத்து நிமிடம் ஓட்டம் குறுகும். வழியில் ஒருமுறையாவது இறங்கி நடப்பது, இருக்கைக்கு நடுவே கால் நீட்டுவது, வந்ததும் படுக்கைக்குப் போகாமல் இருபது நிமிடம் லேசான ஓட்டம்: இதைச் செய்த அணியும் செய்யாத அணியும் முதல் செட்டிலேயே வேறுபடும்.

ரயிலில் வருபவர்கள் சென்ட்ரலில் இருந்து ஒன்றரை மணி நேரம். இடப்பக்கம் உட்காருங்கள், ஓட்ஃபர்டு சுரங்கம் தாண்டியதும் கடல் அந்தப் பக்கம். நிலையத்தில் இருந்து கிரவுன் தெருவைப் பிடித்துக் கிழக்கே நேராக நடந்தால் தெரு முடியும் இடத்தில் வின் ஸ்டேடியம், அதற்கு அடுத்தது கடற்கரை மணல்.

உள்ளூர் அணி டிராகன்ஸ். 2018இல் தொடங்கிய நால்வரில் ஒன்று. இரண்டு இறுதி ஆட்டம் வரை போனார்கள்: 2019இல் பிராங்கோஸிடம் 30–6, 2021 சீசனில் ரூஸ்டர்ஸிடம் 16–4. இரண்டிலும் தோல்வி.

சனி, வின் ஸ்டேடியம்

இங்கே பதினான்காவது ஆட்டக்காரர் காற்று. குளிர்காலத்தின் மேற்குக் காற்று இல்லவாரா மலைச்சரிவில் இறங்கி ஊரைத் தாண்டிக் கடலுக்குப் போகும். 2011 செப்டம்பரில் கட்டுமானத்தில் இருந்த மேற்கு ஸ்டாண்டையே அது சேதப்படுத்தியது. இப்போது அதே ஸ்டாண்ட் பார்வையாளருக்குக் காற்றுத் தடுப்பு. சீட்டு வாங்கினால் அங்கேதான்.

மைதானம் வடக்குத் தெற்காகக் கரைக்கு இணையாகக் கிடக்கிறது. அதனால் மேற்குக் காற்று எந்தப் பாதியிலும் யாருக்கும் முதுகில் வீசாது, குறுக்கே அறுக்கும். டாஸ் ஜெயித்துக் 'காற்றோடு' ஆடுகிறோம் என்று சொல்ல வழியில்லை. கடற்கரைப் பக்க ஓரக்கோட்டை நோக்கி உயர்த்தி உதைத்தால் பந்து உள்ளே விழாமல் நேராக வெளியே போகும். குத்தாமல் வெளியே போன பந்துக்குத் தண்டனை, உதைத்த இடத்திலேயே எதிரணிக்குப் பந்து. 40 மீட்டர் லாபம் என்று அடித்தது ஒரு மீட்டர்கூடத் தராது. இன்று முதல் பாதியில் இரண்டு அணியும் ஆளுக்கு ஒன்று இப்படி இழந்தன.

தெரிந்த கிக்கர்கள் செய்வது: நகர் பக்கம், அதாவது மேற்கு ஓரத்தை நோக்கி ஓங்கி அடிப்பது; காற்று அதை உள்ளே தள்ளி மைதானத்தில் குத்த வைக்கும். கிழக்கே அடிக்க வேண்டியிருந்தால் தரையோடு உருளும் கிரப்பர். உயரப் பந்தைப் பிடிக்கும் கிழக்கு விங்கர் பந்துக்கு நேர் கீழே நிற்கக்கூடாது. ஓரக்கோட்டுப் பக்கம் இரண்டு மூன்று அடி தள்ளி நின்று, உடம்பைக் காற்றின் பக்கம் திருப்பி வைத்தால்தான் கடைசி விநாடியில் முன்னோக்கி வந்து பிடிக்க முடியும். பின்னோக்கிப் போய்ப் பிடிப்பவர்கள் கையில் பட்டு முன்னே விழும், அது நாக்-ஆன் என்ற தவறு.

கன்வர்ஷனில் குறி மேற்குக் கம்பத்துக்கும் வெளியே. கிழக்கு மூலையில் இருந்து அடிப்பவருக்குக் காற்று முகத்தில், பந்து தொங்கி நிற்கும். மேற்கு மூலையில் இருந்து அடிப்பவருக்குத் தூரம் பிரச்சினையில்லை, அளவுக்கு மீறிக் கடந்து போவதுதான். நீளமான பாஸும் அப்படியே: கிழக்கே எறிந்தால் ஓடி வருபவரைத் தாண்டிப் போகும், மேற்கே எறிந்தால் நடுவழியில் மிதந்து எதிரணிக் கைக்கு. நைட்ஸ் இரண்டாம் பாதியில் பாஸைக் குறுக்கி, பிராப்களை நடுவழியே ஓடவிட்டது அதைப் பார்த்துத்தான். காற்று இருக்கும் நாளில் கிக்கும் கையை விரிக்கும். 3 விநாடி பிளே-த-பால் ஒன்றே மிச்சம். வாட்சில் அந்தப் பாதியில் அளந்த செட்களில் 4ஐத் தாண்டியவை குறைவு, கடைசிப் பத்து நிமிடத்திலும்.

வார இறுதியில் சிட்னிக்குத் திரும்பும் ரயில்கள் ஏறத்தாழ மணிக்கு ஒன்றுதான். இறுதி விசிலுக்குப் பிறகு ஆட்டக்காரர்கள் வேலி ஓரம் வந்து பந்திலும் சட்டையிலும் கையெழுத்துப் போட அரை மணி நிற்பார்கள். நிலையம் வரை கால் மணிக்கு மேல் நடை. இரண்டையும் கூட்டி எந்த ரயில் என்று ஆட்டத்துக்கு முன்பே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள், நடைமேடையிலும் அதே காற்றுதான் அடிக்கும்.